தடம் மாறி வரும் பறவைகள்: வாசகர் கேள்வி – பதில்

வடக்கிலிருந்து பறவைகள் வந்திறங்கும் பருவம் தொடங்கிவிட்டதால், இம்மாதம் எமக்குக் கிடைத்த கடிதங்களுள் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியே அமைந்திருந்தன. தமது வழக்கமான எல்லைகளுக்கு வெகுதொலைவில், எவரும் எதிர்பாராத இடத்தில், தனியாக வந்து நிற்கும் அரிய பறவைகளைப் பற்றியே வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். ஆகவே ஏனைய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை இவற்றுக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான பறவைகள் இலங்கைக்கு வருகின்றன என்கிறார்கள். அப்படியிருக்க, சில பறவைகளை மட்டும் "அரிய வருகை" என்று செய்தித்தாள்கள் பெரிதாக எழுதுவது ஏன்?
– வாசகர், தெஹிவளை

வலசை வருவது வேறு, வழி தவறி வருவது வேறு. மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் இமயமலை அடிவாரங்களிலும் இனப்பெருக்கம் செய்யும் பறவைகள், அங்கே குளிர் தொடங்கும்போது மத்திய ஆசியப் பறப்புப்பாதை என்று அழைக்கப்படும் பெருவழியாகத் தெற்கு நோக்கி வருகின்றன. அவை இலங்கைக்குள் நுழைவதற்கு மூன்று வழிகள் உள்ளன. இந்தியாவின் மேற்குக் கரையோரமாக வருவது ஒன்று, கிழக்குக் கரையோரமாக வருவது மற்றொன்று, அந்தமான் தீவுகளின் பக்கமிருந்து வங்காள விரிகுடாவைக் கடந்து வருவது மூன்றாவது. ஓகஸ்ட் இறுதியில் தொடங்கும் இந்த வருகை ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் உச்சமடைகிறது. வந்த பறவைகள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் திரும்பிச் செல்கின்றன. கொழும்பிலேயே மின்கம்பிகளில் வரிசையாக அமரும் நீலவால் பஞ்சுருட்டான், வேலியோரங்களில் கரகரத்த குரலெழுப்பும் பழுப்புக் கீச்சான், மாலை வானில் சுழலும் தகைவிலான், சதுப்பு நீரின்மேல் தாழப் பறக்கும் மீசை ஆலா, வீட்டுத் தோட்டங்களின் சருகுகளைக் கிளறும் ஆறுமணிக்குருவி ஆகியவை இவ்வாறு ஒழுங்காக வருபவை. அவற்றின் பாதை நம் நாட்டிலேயே முடிவதால் அவை வராவிட்டால்தான் அது செய்தி.

செய்தித்தாள்கள் எழுதும் அரிய பறவைகளோ வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் சில, ஆபிரிக்காவுக்கோ தென்கிழக்காசியாவுக்கோ போகும் வழியில் எப்போதாவது இத்தீவைத் தொட்டுச் செல்பவை. வடகிழக்குச் சீனாவிலும் சைபீரியாவின் கிழக்கிலும் கூடுகட்டும் அமுர் வல்லூறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். அது இந்தியாவின் நாகலாந்தில் பெருங்கூட்டமாகத் தங்கி இரையுண்டு, பின்னர் இந்தியத் துணைக்கண்டத்தைக் கடந்து, அரபிக் கடலின்மேல் ஓய்வின்றிப் பறந்து, தென் ஆபிரிக்கா வரை செல்கிறது. அந்தப் பயணத்தின் ஓரத்தில் இலங்கை இருப்பதால் நமக்கு அது அரிதாகவே தென்படுகிறது. வேறு சிலவற்றுக்கோ இலங்கை எந்தக் கணக்கிலும் சேராது. அவை பாதை பிறழ்ந்ததனாலோ காற்றில் அகப்பட்டதனாலோ இங்கு வந்து சேர்ந்தவை.

அவ்வாறானவை நம் தீவில் வந்து நிற்பதற்கு நிலவியலும் காரணமாகும். அகன்ற வாயுடைய புனலில் ஊற்றியதெல்லாம் அதன் அடிக்குழாய்க்கு வந்து சேர்வதைப் போல, ஒரு பெருங்கண்டத்தின் பறவைகள் தெற்கே குறுகிவரும் நிலத்தின் நுனியில் வந்து சேர்கின்றன. தெய்வேந்திரமுனைக்கு நேர் தெற்கே ஏறக்குறைய 8,000 கிலோமீற்றர் தொலைவுக்கு, அந்தாட்டிக்கா வரையில், கடலைத் தவிர வேறெதுவுமில்லை. எல்லை மீறி வந்த பறவை இங்கே நின்றேயாக வேண்டும், அல்லது திரும்ப வேண்டும்.

பறவைகளுக்குத் திசை அறியும் ஆற்றல் பிறவியிலேயே உண்டு என்று படித்திருக்கிறேன். அப்படியாயின் அவை எவ்வாறு வழி தவறுகின்றன?
– வாசகி, வெள்ளவத்தை

இக்கேள்விக்கு விரிவாக விடை சொல்ல வேண்டும், ஏனெனில் இதுவே இந்தப் பொருளின் மையம்.

பறவை தன் திசையை ஒரே கருவியால் அறிவதில்லை. சூரியனின் நிலை, இரவு வானின் விண்மீன்கள், புவியின் காந்தப்புலம், மலை, ஆறு, கரை போன்ற நில அடையாளங்கள் ஆகிய அனைத்தையும் அது சேர்த்தே பயன்படுத்துகிறது. 1960களில் ஜெர்மனியின் பிராங்பேர்ட்டில் வொல்ப்காங் வில்ட்ஷ்கோ, கூண்டிலிருந்த ராபின் பறவைகளைச் சூழ்ந்த காந்தப்புலத்தின் திசையைச் செயற்கையாக மாற்றியபோது, அவை பறக்க முயன்ற திசையும் அதற்கேற்ப மாறியதைக் காட்டினார். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் ஸ்டீவன் எம்லன், இண்டிகோ பண்டிங் என்னும் சிறு குருவிகளை விண்மீன் காட்சியகத்தில் வைத்து ஆராய்ந்தார். அக்குருவிகள் பிறந்ததும் குறிப்பிட்ட விண்மீன்களை அறிந்திருப்பதில்லை. வானம் எந்தப் புள்ளியை மையமாகக் கொண்டு சுழல்கிறது என்பதைப் பார்த்தே வடக்கைக் கற்கின்றன. செயற்கை வானத்தைத் திருவாதிரை விண்மீனை மையமாக வைத்துச் சுழலச் செய்தபோது, அதைப் பார்த்து வளர்ந்த குஞ்சுகள் திருவாதிரை இருந்த பக்கத்தையே வடக்காகக் கொண்டன.

ஆயினும் திசையை அறிவதும் இருக்குமிடத்தை அறிவதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை நெதர்லாந்தைச் சேர்ந்த பேர்டெக் 1958இல் வெளியிட்ட ஆய்வு மிகத் தெளிவாக நிலைநாட்டியது. இலையுதிர்காலத்தில் நெதர்லாந்து வழியாகச் செல்லும் ஸ்டார்லிங் பறவைகளுள் 11,000க்கும் மேற்பட்டவற்றைப் பிடித்து, காலில் வளையமிட்டு, சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுசென்று அங்கே விடுவித்தார்கள். முன்பு ஒருமுறையாவது அந்தப் பயணத்தை முடித்திருந்த முதிர்ந்த பறவைகள், தாம் இடம் மாற்றப்பட்டதை உணர்ந்து வடமேற்காகத் திரும்பி, தமது வழக்கமான குளிர்கால இடமாகிய வட பிரான்சையும் தென் இங்கிலாந்தையும் நோக்கிச் சென்றன. அந்த ஆண்டே பிறந்த இளம்பறவைகளோ, நெதர்லாந்திலிருந்து புறப்பட்டிருந்தால் எந்தத் திசையில் பறந்திருக்குமோ அதே திசையில் சுவிட்சர்லாந்திலிருந்தும் பறந்து, தென் பிரான்சையும் ஸ்பெயினையும் அடைந்தன. இளம்பறவை பரம்பரையாகப் பெறுவது "இன்ன திசையில், இத்தனை காலம் பற" என்னும் ஏற்பாட்டை மாத்திரமே. இடையில் ஒரு புயல் அதை ஐந்நூறு கிலோமீற்றர் தள்ளிவிட்டாலும், அதைத் திருத்திக்கொள்ளும் அறிவு அதற்கு இன்னும் வாய்த்திருக்காது. உலகெங்கும் தடம் மாறிக் காணப்படும் பறவைகளுள் முதலாண்டுப் பறவைகளே மிகுதியாக இருப்பதற்கு இதுவே முக்கிய காரணம் என்று கருதுகிறேன்.

அந்தப் பரம்பரை ஏற்பாட்டிலேயே பிழை நேர்வதும் உண்டு. தென்கிழக்கே பறக்க வேண்டிய பறவை, வடக்கு–தெற்குக் கோட்டுக்கு மறுபக்கமாகத் தென்மேற்கே பறப்பது ஒருவகைப் பிழை. முற்றிலும் எதிர்த்திசையிலேயே புறப்பட்டுவிடுவது இன்னொரு வகை. இவற்றோடு புவிக்காந்தப் புலத்தில் ஏற்படும் குழப்பங்களும் சேர்கின்றன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வொன்று, வட அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாகப் பிடித்து வளையமிடப்பட்ட பறவைகளின் பதிவுகளை ஆராய்ந்து, காந்தப்புலம் குழம்பிய காலங்களில் நிலப்பறவைகள் எல்லை மீறித் தோன்றுவது கூடுகிறது என்று கண்டது. இலையுதிர்காலப் பயணத்தில் இத்தொடர்பு மேலும் வலுவாக இருந்தது.

இவ்வளவையும் சொன்ன பிறகு, தவறாமல் சென்றடையும் பறவைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமலிருக்க என்னால் இயலவில்லை. 2022 ஒக்டோபரில், பிறந்து ஐந்து மாதமேயான பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து புறப்பட்டு, பசிபிக் பெருங்கடலை ஊடறுத்து, 11 நாட்கள் எங்குமே இறங்காமல் 13,560 கிலோமீற்றர் பறந்து அவுஸ்திரேலியாவின் தஸ்மானியாவை அடைந்ததை, அதன் உடலில் பொருத்தியிருந்த செயற்கைக்கோள் கருவி பதிவுசெய்தது. அதற்கு முன்பு அது அந்த வழியில் ஒருமுறையும் சென்றதில்லை. இத்தகைய ஆற்றலோடு பிறக்கும் உயிர்களுள் ஒரு சில வழி தவறுவதில் வியப்பில்லை. இத்தனை பேர் சரியாகச் சென்று சேர்வதே எனக்குத் தீராத வியப்பாக இருக்கிறது.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் எங்கள் கடற்கரையில் முன்பின் பார்த்திராத கடற்பறவைகள் சோர்ந்து கிடக்கின்றன. அவையும் வழி தவறியவைதானா?
– வாசகர், முகத்துவாரம்

பெரும்பாலும் அவற்றை வழி தவறியவை என்று சொல்ல முடியாது. கரைக்கு வராமல் நடுக்கடலிலேயே வாழ்பவை என்பதால் அவை நம் கண்ணில் படுவதில்லை. நம் மேற்குக் கரைக்கு அப்பால், ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காலத்தில், கருமை கலந்த பழுப்பு முதுகும் கண்ணுக்கு மேலே வெண்கோடும் கொண்ட ஒருவகை ஆலாக்கள் பெருந்தொகையாகத் தெற்கு நோக்கிச் செல்கின்றன. கொழும்பின் கடற்கரையில் நல்ல தொலைநோக்கியுடன் பொறுமையாக நிற்பவருக்கு அந்தப் பயணத்தின் ஒரு பகுதி தெரியும். கடும்காற்று நாட்கணக்கில் கரையை நோக்கி வீசும்போது, இரை கிடைக்காமல் இளைத்த பறவைகள் கரையில் ஒதுங்குகின்றன. அவ்வாறு கிடக்கும் பறவையை மீண்டும் அலைக்குள் எறிவது, இரக்கத்தால் செய்தாலும், அதைக் கொல்வதற்குச் சமம். அது நனைந்து, களைத்து, பறக்க வலுவற்ற நிலையில் இருக்கிறது. நாய்களும் காகங்களும் நெருங்காத நிழலான இடத்தில் வைத்துவிட்டு, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள். ஒரே இடத்தில் பல பறவைகள் இறந்து கிடந்தால் பறவைக்காய்ச்சல் அபாயம் கருதி அவற்றை வெறுங்கையால் தொடவே கூடாது.

முகத்துவாரத்தில் வசிப்பவர் என்பதால் துறைமுகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். கப்பல்களும் பறவைகளை இடம் மாற்றுகின்றன. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் ஏறிய நம் ஊர்க் காகங்கள் மேற்கு அவுஸ்திரேலியாவின் பிரிமான்டில் துறைமுகம் வரை சென்று இறங்கியிருக்கின்றன. நெதர்லாந்தின் ஹூக் வான் ஹொலண்ட் என்னும் துறைமுகப் பகுதியிலும் 1990களில் இதே காகம் குடியேறிப் பெருகியது. பின்னர் அந்நாட்டவர்கள் அதை அகற்ற நேர்ந்தது. நாம் அன்றாடம் சோறு வைக்கும் பறவையே வேறொரு நாட்டின் பறவை நோக்குநர்களுக்கு அரிய வருகையாகவும், அந்நாட்டு அரசுக்குக் கவலையாகவும் இருந்திருக்கிறது.

வழி தவறிய பறவையின் கதி என்னாகும்? அது ஊர் திரும்புமா? தயவுசெய்து விளக்கவும்.
– பாடசாலை மாணவி, பம்பலப்பிட்டி

பெரும்பாலானவற்றின் கதி நமக்குத் தெரிவதேயில்லை, தங்கையே. சில நாட்கள் நின்று, பிறகு காணாமல் போய்விடுகின்றன. பழக்கமில்லாத நிலத்தில் இரை தேடத் தெரியாமலும், துணை கிடைக்காமலும், பல அழிந்துபோகும் என்றே கொள்ள வேண்டும். ஆயினும் எல்லாக் கதைகளும் அப்படி முடிவதில்லை.

ரஷ்யாவின் கம்சத்கா தீபகற்பத்தையும் அதை அண்டிய கரைகளையும் தாயகமாகக் கொண்ட ஸ்டெல்லர் கடற்கழுகு ஒன்று 2020இல் அலாஸ்காவின் உட்பகுதியில் காணப்பட்டது. 2021இல் அது டெக்சாஸிலும், பின்னர் கனடாவின் கிழக்குப் பகுதியிலும், அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ், மெய்ன் மாநிலங்களிலும் தோன்றியது. சிறகின் வெண்குறிகளைப் புகைப்படங்களில் ஒப்பிட்டுப் பார்த்தே அது ஒரே பறவை என்று அறிந்தார்கள். தன் இனத்தவர் எவருமில்லாத ஒரு கண்டத்தில் அது ஆண்டுக்கணக்கில் உயிரோடு உலவியது. தென் கடல்களுக்குரிய கருப்புருவ அல்பட்ரோஸ் ஒன்றோ ஸ்கொட்லாந்தின் ஷெட்லண்ட் தீவுக்கு 1972 முதல் 1995 வரை பெரும்பாலான ஆண்டுகளில் வந்து, வேறு இனக் கடற்பறவைகளின் குடியிருப்பின் நடுவே தனக்கென ஒரு கூட்டையும் கட்டி, வராத துணைக்காகக் காத்திருந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

மறுபக்கத்தையும் பார். உன் வீட்டருகே மாட்டின் காலடியில் பூச்சி பிடிக்கும் உண்ணிக்கொக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஆபிரிக்காவிலிருந்து அத்திலாந்திக் பெருங்கடலைக் கடந்து தென் அமெரிக்காவை அடைந்தது. எவரும் அதைக் கொண்டுசெல்லவில்லை. காற்றோடு பறந்தே சென்றது. அங்கே கால்நடைப் பண்ணைகள் பெருகியிருந்ததால் அதற்கு வாழ்வு கிடைத்தது. 1953இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கூடு கட்டியது. இப்போது இரு அமெரிக்கக் கண்டங்களிலும் அது சாதாரணப் பறவை.

இன்னொன்று நமக்கு மேலும் நெருக்கமானது. சைபீரியாவில் கூடு கட்டி, குளிர்காலத்தில் தெற்காசியாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் வரும் ரிச்சர்ட் நெட்டைக்காலி, நம் நாட்டின் புல்வெளிகளுக்கும் வரும் பறவை. அது மேற்கு ஐரோப்பாவில் அவ்வப்போது தோன்றியபோது நெடுங்காலமாக அதை வழி தவறியது என்றே எழுதிவந்தார்கள். ஆனால் தென் பிரான்சில் குளிர்காலத்தைக் கழிப்பவற்றைக் கருவி பொருத்தித் தொடர்ந்த ஆய்வாளர்கள், அவை சைபீரியாவுக்குத் திரும்பிச் சென்று, அடுத்த ஆண்டு மீண்டும் பிரான்சுக்கே வருவதை 2021இல் வெளியிட்டார்கள். பிழையாகத் தொடங்கிய ஒன்று சில பறவைகளுக்குப் புதிய பாதையாகவே மாறிவிட்டிருந்தது. ஆகவே வழி தவறிய ஒரு பறவையைப் பார்க்கும்போது, அது அழியப்போகிறதா, ஒரு புதிய வழிக்கு முதலடி வைக்கிறதா என்பதை அந்த நேரத்தில் எவராலும் கூற முடியாது. நாம் அதைப் பதிவுசெய்து வைத்தால் மட்டுமே பின்னால் வருபவர்கள் அதை அறிய முடியும்.

எங்கள் தோட்டத்தில் எந்தப் படப்புத்தகத்திலும் இல்லாத ஒரு பறவையைப் பார்த்தேன். உறவினர்கள் நம்ப மறுக்கிறார்கள். இதை எவ்வாறு உறுதிப்படுத்துவது?
– வாசகர், வத்தளை

உங்கள் கடிதத்தில் பறவையின் அளவோ, அலகின் வடிவமோ குறிப்பிடப்படாததால் அதன் பெயரை என்னால் சொல்ல இயலாது. ஆனால் எவ்வாறு உறுதிப்படுத்துவது என்பதை விளக்க முடியும். அதைத்தான் நீங்களும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், அரியது என்று முடிவுகட்டுவதற்கு முன்னர் சாதாரணமான விளக்கங்கள் அனைத்தையும் பொறுமையாக விலக்க வேண்டும். செம்பருந்தின் குஞ்சுக்கு வெண்தலையும் செம்மேனியும் இருப்பதில்லை, அது முழுதும் பழுப்பாகவே இருக்கும். அதைப் பார்த்து வேறொரு பருந்து வந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். இராக்கொக்கின் குஞ்சு பழுப்பு மேனியில் வெண்புள்ளிகளோடு நிற்பதால், நாணலில் மறைந்து வாழும் அரிய குருகாகத் தோன்றும். நிறமி குறைந்து வெண்சிறகுகள் கொண்ட காகங்களும் மைனாக்களும் உண்டு. அரசவால் ஈப்பிடிப்பானின் நீண்ட வெண்வால் கொண்ட ஆண் வடக்கிலிருந்து வருவது, செம்பழுப்பானது இங்கேயே வாழ்வது. இரண்டும் ஒரே இனத்தவை.

கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குழப்பம் கூண்டிலிருந்து தப்பிய பறவைகளால் உண்டாகிறது. காதற்பறவைகள், கொக்கட்டீல், பஜ்ரிகர், ஜாவாக்குருவி எனப் பலவும் வீடுகளில் வளர்க்கப்படுகின்றன. தப்பியதும் அடுத்த தோட்டத்தில் அமர்கின்றன. மனிதரைக் கண்டு அஞ்சாமை, வாற்சிறகுகளின் நுனி தேய்ந்திருத்தல், காலில் வண்ண வளையம் ஆகியவை இருந்தால் அதையே முதலில் ஐயுற வேண்டும். ஆனால் வளையத்தை வைத்து மட்டும் முடிவுசெய்துவிடவும் கூடாது. ஆய்வாளர்களும் பறவைகளுக்கு வளையமிடுகிறார்கள்; அவர்களுடைய உலோக வளையத்தில் எழுத்தும் இலக்கமும் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வாறான இலக்கம் ஒன்றைப் படிக்க முடிந்தால், அதுவே உங்கள் முழுக் கடிதத்தையும்விடப் பெறுமதியான சான்றாகும்.

இவற்றையெல்லாம் கடந்தும் ஐயம் நீங்காவிட்டால், நினைவு மங்குவதற்கு முன்பு அங்கேயே நின்று எழுதுங்கள். பறவையின் அளவை மைனாவைவிடச் சிறியது, புறாவைவிடப் பெரியது என்று தெரிந்த பறவையோடு ஒப்பிட்டு எழுதுங்கள். அலகின் நீளமும் வளைவும், கால்களின் நிறம், கண்ணைச் சுற்றிய கோடுகள், பறக்கும்போது சிறகிலும் பிட்டத்திலும் தெரியும் வெண்மை, குரல், நடக்கிறதா தத்துகிறதா, வாலை ஆட்டுகிறதா என்பன எல்லாம் வேண்டும். நாள், நேரம், இடம், வெளிச்சம், அதற்கு முந்திய நாட்களின் காற்றும் மழையும் வேண்டும். புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும் என்பதை வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனெனில் படத்தைப் பார்த்த பிறகு மனம் தான் பார்க்காததையும் பார்த்ததாகச் சேர்த்துக்கொள்ளும். கைத்தொலைபேசியில் எடுத்த தெளிவற்ற படமாயினும் அழித்துவிடாதீர்கள். குரலைப் பதிவுசெய்ய முடிந்தால் அதுவும் நல்லது.

பின்னர் அதை அறிந்தோரிடம் அனுப்புங்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தைத் தளமாகக் கொண்டு 1976 முதல் இயங்கும் இலங்கைக் களப் பறவையியல் குழுவும், 1943இல் தொடங்கப்பட்ட இலங்கைப் பறவைக் கழகமும் இத்தகைய குறிப்புகளை நெடுங்காலமாகப் பேணிவருகின்றன. இபேர்ட் என்னும் இணையத் தளத்திலும் எவரும் பதிவிடலாம். அரியவை என்று தோன்றும் பதிவுகளை அங்கே அனுபவமுள்ளவர்கள் சரிபார்க்கிறார்கள். அவர்கள் உங்கள் பதிவை ஏற்க மறுத்தால் மனம் வருந்த வேண்டாம். நீங்கள் பொய் சொன்னதாக அதற்குப் பொருளல்ல, சான்று போதவில்லை என்பதே பொருள். ஒரு நாட்டின் பறவைப் பட்டியலில் ஐயத்துக்குரிய ஒரு பெயர் சேர்ந்துவிட்டால், அதை நம்பி எழுதப்படும் அடுத்த நூறு பக்கங்களும் பழுதாகும். ஆகவே அவர்களுடைய கண்டிப்பை நான் முழுமனத்துடன் ஆதரிக்கிறேன்.

ஒவ்வோர் ஒக்டோபரிலும் எங்கள் தொடர்மாடிக் கட்டடத்தின் கண்ணாடியில் ஆறுமணிக்குருவிகள் மோதி விழுகின்றன. என்ன செய்யலாம்?
– வாசகி, ஹவ்லொக் டவுன்

ஆறுமணிக்குருவி இரவில் பயணம் செய்யும் பறவை. கடல் கடந்த களைப்போடு நகரின் வெளிச்சங்களுக்குள் வந்து இறங்கும்போது கண்ணாடியில் தெரியும் மரத்தை மெய்யான மரம் என்று எண்ணி மோதிவிடுகிறது. விழுந்ததை மெல்ல எடுத்து, காற்றோட்டத் துளைகள் இட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, மூடி, இருட்டான அமைதியான இடத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம், அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். சோறும் பாணும் கொடுக்க வேண்டாம், அது புழுபூச்சி உண்ணும் பறவை. பெட்டிக்குள் துள்ளத் தொடங்கியதும் மரஞ்செடி அடர்ந்த இடத்தில், பூனைகள் இல்லாததைப் பார்த்து, பகலில் திறந்துவிடுங்கள். சிறகு தொங்கினாலோ, இரத்தம் கசிந்தாலோ மேலே சொன்ன திணைக்கள இலக்கத்தை அழையுங்கள். செப்டெம்பர் முதல் நவம்பர் வரை மாடிகளின் வெளிவிளக்குகளை நள்ளிரவுக்குப் பின் அணைப்பதும், பெரிய கண்ணாடிகளின் வெளிப்புறத்தில் நெருக்கமாகப் புள்ளிகளோ கோடுகளோ ஒட்டுவதும் பயன் தரும். உங்கள் கட்டடத்தின் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதை முன்வையுங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

அரிய பறவைகள் பற்றிய செய்திகள் முன்பைவிடக் கூடியிருப்பதற்குக் காலநிலை மாற்றம்தான் காரணமா?
– வாசகர், ராஜகிரிய

ஒரு தனிப் பறவையின் வருகையை வைத்துக் காலநிலை மாற்றத்தை நிரூபிக்க முடியாது. செய்திகள் கூடியதற்கு முதற்காரணம் பார்ப்பவர்கள் கூடியதே; இருபது ஆண்டுகளுக்கு முன் சிலரிடம் மட்டுமே இருந்த தொலைப்படக் கருவிகள் இன்று பல கைகளில் உள்ளன. பறவைகளின் எல்லைகள் நகர்கின்றனவா என்பதை அறிய வேண்டுமானால், ஆண்டுதோறும் ஒரே இடத்தில், ஒரே முறையில் எண்ணும் கணக்குகள் தேவை. 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு அத்தகையது. கருவி பொருத்தித் தொடர்வதும் அவ்வாறே. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சீன அறிவியல் கழகத்துடன் சேர்ந்து, 2021இல் மன்னாரில் கடற்காகங்களுக்கு ஜி.பி.எஸ். கருவி பொருத்தி, அவை ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதி வரை செல்வதை அறிந்தார்கள். வழக்கமான பாதை எது என்று இவ்வாறு தெரிந்தால்தான், எது பாதை பிறழ்ந்தது என்று நாம் சொல்லும் சொல்லுக்கு மதிப்பு உண்டாகும்.

ஓர் அரிய பறவை வந்ததாகச் செய்தி பரவியதும் தலங்கமைக் குளத்தருகே வாகனங்கள் குவிந்துவிடுகின்றன. இது சரியா?
– வாசகர், பத்தரமுல்லை

பார்க்க விரும்புவதில் தவறில்லை. அந்த விருப்பமே பலரை இத்துறைக்குள் கொண்டுவருகிறது. ஆனால் வந்திருப்பது பெரும்பாலும் உடற்கொழுப்பையெல்லாம் எரித்துத் தீர்த்துவிட்ட, பசித்த உயிர். அதை ஒவ்வொரு முறை எழுப்பிப் பறக்கவைக்கும்போதும் அது உண்ணும் நேரத்தையும், எஞ்சியிருக்கும் வலுவையும் நாம் பறிக்கிறோம். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு அதை வெளியே இழுப்பதையும், ட்ரோன் பறக்கவிடுவதையும், நல்ல படத்துக்காக நாணலுக்குள் இறங்குவதையும் நான் முற்றாகக் கண்டிக்கிறேன். பறவை தலையை உயர்த்தி உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் நீங்கள் ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள்; பின்வாங்குங்கள். வயல்வரப்பு ஒருவரின் உழைப்பு என்பதையும், அயலவர் வீட்டு வாசல் வாகனத் தரிப்பிடமல்ல என்பதையும் மறக்கக் கூடாது. தனியார் தோட்டத்தில் வந்த பறவையாயின், வீட்டுக்காரரின் சம்மதமின்றி இடத்தை வெளியிடாதீர்கள். மிக அரிய இனமாயின், பறவை சென்ற பிறகு செய்தியை வெளியிடுவதால் எவருக்கும் நட்டமில்லை.

கொழும்பை விட்டு வெளியே போக வசதியில்லாத ஓய்வூதியர் நான். இங்கேயே எங்கு சென்று பார்க்கலாம்?
– வாசகர், கொட்டாஞ்சேனை

நீங்கள் வெளியே போக வேண்டிய தேவையே இல்லை. 2018இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கையாகிய ராம்சரின் ஈரநில நகரமாக உலகில் முதன்முதலாக ஏற்பு பெற்ற 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்று. பெத்தகான ஈரநிலப் பூங்காவிலும் தியசரு பூங்காவிலும் வயது முதிர்ந்தோர் நடக்க வசதியான பாதைகள் உண்டு. 1990இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பெல்லன்வில–அத்திடிய சதுப்பு நிலம் தெற்கே இருக்கிறது, வடக்கே முத்துராஜவெல. உங்களுக்கு மிக அருகில் மட்டக்குளிக் காக்கைத்தீவுக் கடற்கரை உள்ளது. களனி கங்கை கடலில் கலக்கும் அப்பகுதியில் வற்று நேரத்தில் உள்ளான்களையும் ஆலாக்களையும் காணலாம். செப்டெம்பர் நடுப்பகுதி முதல் ஏப்ரல் வரை, காலை 6 மணி முதல் 9 மணி வரை உகந்த நேரம். ஒரே இடத்துக்கே திரும்பத் திரும்பச் சென்று, அரியது வந்தாலும் வராவிட்டாலும், கண்ட இனங்களையும் எண்ணிக்கையையும் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதிவாருங்கள். ஒரு பருவம் முடிந்ததும் அந்தக் குறிப்புகளின் பிரதியொன்றை எமக்கு அனுப்பினால், இப்பகுதியில் மகிழ்ச்சியோடு வெளியிடுவேன்.